காற்றில் ஊர்ப்பெயர் சொல்லும் கணினி

எம்மவர் வீடுகளில் கம்பியில்லா வலையமைப்புக்குப் பெயர் சூட்டுவதில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்ப்பெயர், குடும்பப் பெயர், இல்லையேல் மூத்த பிள்ளையின் பெயர். இலண்டனில் உள்ள எனது வீட்டிலும் பல ஆண்டுகளாக ஊர்ப்பெயரே இருந்தது. அதில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது. கணினித் துறையில் பணிபுரியும் நான் அந்தப் பெருமையை முன்னரே கைவிட்டிருக்க வேண்டும்.

ஒவ்வொரு மடிக்கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் 'மாக்' முகவரி எனப்படும் வன்பொருள் முகவரி ஒன்று உண்டு. பன்னிரண்டு எழுத்துகளும் எண்களும் கொண்ட அம்முகவரி, தயாரிப்பின்போதே பதிக்கப்படுகிறது. கருவி வலையமைப்பைத் தேடும்போதும் அதனுடன் பேசும்போதும் இம்முகவரி காற்றில் வெளிப்படையாகவே செல்கிறது. எவ்வளவு வலுவான கடவுச்சொல் இட்டாலும் இது மறைவதில்லை. கடிதத்தை ஒட்டி அனுப்பினாலும் உறையின் மேலுள்ள முகவரியை எவரும் வாசிக்கலாம் அல்லவா, அதுபோன்றதே இது.

பழைய கருவிகள் இன்னும் ஒருபடி மேலே போகின்றன. முன்னர் இணைந்த வலையமைப்புகளைப் பெயர் சொல்லி அழைக்கின்றன. விமான நிலையத்தில் உங்கள் பிள்ளையின் பழைய மடிக்கணினி உங்கள் ஊர்ப்பெயரைக் கூவிக்கொண்டிருக்கக்கூடும். வலையமைப்புப் பெயர்களையும் அவற்றின் அமைவிடங்களையும் உலக வரைபடத்தில் தொகுக்கும் பொதுத்தளம் 2001 முதல் இயங்கி வருகிறது. சிற்றூர் ஒன்றின் தமிழ்ப் பெயர் கொண்ட வலையமைப்பு இலண்டனில் எத்தனை இருக்கப்போகிறது? பெயரைக் கேட்டவர் வீட்டையும் கண்டுகொள்வார்.

இவை வெறும் கற்பனை அச்சங்கள் அல்ல. 2013 ஆகஸ்டில் இலண்டன் நகரின் வணிக மையத்தில், விளம்பரத்திரை பொருத்திய குப்பைத் தொட்டிகள் வழிப்போக்கர்களின் கைத்தொலைபேசி முகவரிகளைப் பதிவு செய்தமை வெளியாயிற்று. நகர நிர்வாகம் அதனை நிறுத்தும்படி கோரியது. 2016 இறுதியில் இலண்டன் போக்குவரத்து நிறுவனம் 54 நிலக்கீழ் நிலையங்களில் நான்கு வாரங்கள் நடத்திய ஆய்வில் 56 இலட்சம் கருவிகள் பதிவாயின. 2019 யூலை முதல் அது நிரந்தரத் திட்டமாயிற்று. நிறுவனம் அறிவித்தல் ஒட்டியது, முகவரிகளை மாற்றுருவாக்கியே சேமித்தது. அந்த அளவில் பாராட்டலாம். ஆயினும் விரும்பாதவர் தமது கருவியில் வை-ஃபையை அணைத்துக்கொள்ள வேண்டும் என்பது என்ன நியாயம்? கேட்டுப் பெறுவதே முறை என்பது எனது கருத்து.

கைத்தொலைபேசிகள் ஓரளவு திருந்திவிட்டன. ஆண்ட்ராய்ட் 2019 இலும் ஐபோன் 2020 இலும், ஒவ்வொரு வலையமைப்புக்கும் வெவ்வேறு பொய்முகவரி காட்டும் முறையை இயல்பாகவே கொண்டுவந்தன. ஆனால் பிள்ளைகள் நூலகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுசெல்லும் மடிக்கணினியை நாம் மறந்துவிடுகிறோம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் 'எழுந்தமான வன்பொருள் முகவரி' என்ற பொருள் தரும் தெரிவு வை-ஃபை அமைப்புகளுக்குள் இருக்கிறது. பல கணினிகளில் அது அணைக்கப்பட்டே உள்ளது. அதனை இயக்குங்கள். பழைய கணினி சிலவற்றில் இத்தெரிவே தென்படாது. முகவரியைக் கொண்டே மாணவரை அடையாளம் காணும் பாடசாலை வலையமைப்பில் சிக்கல் எழுந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் நிறுத்தினால் போதும்.

வலையமைப்பின் பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று பலர் சொல்வார்கள். நண்பர்கள் சிலருக்கு நானே அவ்வாறு சொல்லியிருக்கிறேன். அது தவறு. மறைந்திருக்கும் வலையமைப்பைக் கண்டுபிடிக்கக் கருவி தானே அதன் பெயரைச் சொல்லித் தேட வேண்டியிருப்பதால், செல்லுமிடமெல்லாம் அப்பெயர் ஒலிக்கும். மறைக்காதீர்கள், பெயரை மாற்றுங்கள். பணம் கொடுத்து வாங்கும் வி.பி.என். சேவையும் காற்றிலுள்ள இம்முகவரியை மறைப்பதில்லை. தேநீர்க்கடை வலையமைப்பில் நுழைய நீங்களே மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டால், பொய்முகவரியாலும் பயனில்லை.

இந்த வார இறுதியில் பிள்ளைகளுடன் அமர்ந்து, கணினி நினைவில் வைத்திருக்கும் வலையமைப்புகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள், தேவையற்றவற்றை நீக்குங்கள். எனது மடிக்கணினியில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, ஒரேயோர் இரவு தங்கிய விடுதியுடையது. எந்த நாட்டில் என்பது எனக்கு மறந்துவிட்டது, கணினிக்கு மறக்கவில்லை.