கம்பியிலா சிக்கனம்?

அரசலாற்று வெள்ளத்தை வயல் வாய்க்காலில் திருப்பினால் கரை நிற்குமா? காரைக்கால் உழவரைக் கேளுங்கள், சிரிப்பார்! ஆனால், நம் வீட்டுச் சுவருக்குள் நடப்பது அதுதானே!

விளக்குக்கென இழுத்த 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, குழாய்க்குள் தாங்குவது ஏறத்தாழ 14 ஆம்பியர். அதிலேயே 9 ஆம்பியர் கேட்கும் 2000 வாட் கீசரையும், 8 ஆம்பியர் கேட்கும் ஏ.சி.யையும் மாட்டுகிறோம். மின்னோட்டம் இரட்டித்தால் கம்பியில் எழும் வெப்பம் நான்கு மடங்கு! பியூஸ் எரிந்து எச்சரிக்கிறது. நாமோ தடித்த கம்பியைச் சுற்றி அதன் வாயை அடைக்கிறோம். காவற்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கள்வனை நோவதா?

வீட்டு உரிமையாளர்களே! இரண்டுக்கும் தனித்தனியே 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுங்கள்; கம்பியின் தாங்குதிறனை மீறாத பியூஸ் போடுங்கள். பளிங்குத் தரைக்குப் பணம் உண்டு; குடியிருப்போர் உயிர் காக்கும் கம்பிக்கு மட்டும் கஞ்சத்தனமா? கேட்கிறோம்!