சொரசொரத்த கையும் தில்லிக் குளிரும்

மார்கழி பிறந்தால் தில்லியில் பனிமூட்டத்தினால் வண்டிகள் நேரம் தவறி வருகின்றன. சீட்டுக் கொடுக்கும் சாளரத்தில் அமர்ந்திருக்கும் நமக்கு வசவு மட்டும் நேரம் தவறாமல் வந்து சேர்கின்றது. நிற்க. இம்மாதம் நாம் எழுத எடுத்துக்கொண்டது வண்டிகளைப் பற்றியன்று, தோலைப் பற்றி.

சென்ற ஆண்டு நவராத்திரிக்கு நம் குடியிருப்புச் சிறுமியர் கும்மி பயின்றனர். கைகோத்துச் சுற்றும் இடத்தில் எட்டு வயதான நம் புதல்வியின் கையை அடுத்த சிறுமி பற்ற மறுத்துவிட்டாள். "சிரங்கு போலிருக்கிறதே, குழந்தை ஓய்வெடுக்கட்டும்" என்றார் மாமி ஒருவர். அவர் கெட்டவர் அல்லர், அறியாமல் சொன்னார். ஆயினும் அன்று முதல் குழந்தை புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையை விட மறுத்தாள்.

நாம் செய்த பிழை அதனினும் பெரிது. மருந்துக் கடை ஒன்றில் விசாரித்து, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த களிம்பை வாங்கி வந்தோம். சிவப்பு தணிந்தது, மகிழ்ந்து இரண்டு மாதம் தடவினோம். தோல் மெலிந்து நரம்பு தெரியலாயிற்று. நிறுத்தியதும் முன்னிலும் சிவந்தது. அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு என்பதை ரயில்வே மருத்துவமனை அம்மையார் சொல்லித்தான் அறிந்தோம். அவர் குழந்தையின் கையைப் பார்த்துவிட்டு, "உங்கள் சட்டைக் கையை மடியுங்கள்" என்றார். மடித்தோம். அதே சொரசொரப்பு! நம் அன்னையார் சித்திரை வெயிலிலும் முழங்கைக்குக் கீழிறங்கும் ரவிக்கையே அணிந்த காரணம் அன்றுதான் நமக்கு விளங்கியது.

இதன் பெயர் கெரட்டோஸிஸ் பைலாரிஸ். மயிர்க்கால்களின் வாயைக் கெராட்டின் என்னும் பொருள் முளை போல் அடைத்துக்கொள்வதால் மேற்கையிலும் தொடையிலும் சிறு மொட்டுகள் எழுகின்றன. தொற்று நோயன்று, அழுக்கினால் வருவதுமன்று. பெற்றோருள் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைகளுக்கு வரக்கூடும். சிலருக்குக் கணைக்காலில் மீன் செதில் போல் வறட்சியும், உள்ளங்கையில் மிகுந்த ரேகைகளும் சேர்ந்திருக்கும். அச்செதில் வறட்சிக்குப் பிலாக்ரின் என்னும் புரதத்தின் மரபணுக் குறையே காரணமென 2006ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். வயது ஏற ஏறப் பலருக்கு மொட்டுகள் குறைகின்றன. அடியோடு போக்கும் மருந்து இல்லை, அடக்கி வைக்கலாம்.

குளிர்காலத்துக் காற்றில் ஈரம் குறைவு. அறையில் ஹீட்டர் வைத்தால் இன்னும் வறளும். கொதிக்கும் வெந்நீரில் நெடுநேரம் குளிப்பது சுகமாகத்தான் இருக்கும், தோலுக்கு ஆகாது. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்திற்குள் முடித்துக்கொள்க. பீர்க்கங்காய் நாரும் படிக்கல்லும் வேண்டா. தேய்க்கத் தேய்க்கச் சிவக்குமேயன்றி மொட்டு உதிராது. துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் உலருமுன், மூன்று நிமிடத்திற்குள், வாசலைனோ தேங்காய் எண்ணெயோ பூசுக. இவ்வூர்க் குளிரில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும் என்பதை அன்பர்கள் அறிவர். குளிக்குமுன் புட்டியை வெந்நீர்ச் செம்பில் நிறுத்தி வைப்பது நம் இல்லாளின் யோசனை. அண்டை வீட்டார் புகழும் கடுகெண்ணெய் சிலர் தோலுக்கு எரிச்சல் தரும்.

இரவில் பத்து சதவீதம் யூரியா சேர்ந்த கிரீம் தடவுமாறு அம்மையார் எழுதிக் கொடுத்தார். (நம் தகப்பனார் கடிதத்தில் பதறினார், வயலுக்குப் போடும் உரமன்று என்று விளக்க வேண்டியதாயிற்று!) யூரியா தோலில் ஈரத்தை இருத்தி, அடைப்பையும் இளக்குகின்றது. பெரியவர்களுக்கு லாக்டிக் அமிலம் கலந்ததும் உண்டு. வெடித்த இடத்தில் இவை எரியும். குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேளாமல் வாங்கற்க. மொட்டுகளில் சீழ் பிடித்தாலும், தூக்கம் கெடும்படி அரித்தாலும் உடனே காட்டுக.

பலன் தெரிய எமக்கு ஆறு வாரம் சென்றது. பங்குனியில் சோம்பி விட்டுவிட்டோம். மாதம் ஆகுமுன் மொட்டுகள் திரும்பின. மீண்டும் தொடங்கினோம்.

இவ்வாண்டுக் கும்மிக்கு முதல் நாள் அரைக்கைச் சட்டையில் சென்றாள், இரண்டாம் நாள் முழுக்கை கேட்டாள், கொடுத்தோம். இரவில் தன் கைக்குப் பூசியபின் எம் கையையும் நீட்டச் சொல்கிறாள்.