எழுதாமல் விட்ட மருந்து

பெரணமல்லூர் போன்ற நெசவூர்களில் காய்ச்சல் என்பது உடலை வருத்துவதோடு நிற்பதில்லை, கூலியையும் நிறுத்திவிடுகிறது. ஆரணிப் பட்டு நெய்யப்படும் தறிகளில் பாவு பூட்டியபின், அதனை நெய்து சேலையாக ஒப்படைத்தால்தான் கையில் காசு சேரும். குழித்தறியில் அமர்ந்து காலால் மிதித்துக் கையால் நாடாவை ஓட்டுபவருக்கு மூன்று நாள் படுக்கை என்பது தாங்க இயலாத இழப்பு. ஆதலால் மாலையில் உடம்பு சுடத் தொடங்கியதும் அவர் மருத்துவரிடமோ மருந்துக்கடையிலோ கேட்பது ஒன்றுதான்: “காலையில தறியில உட்காரணும், அதுக்கு ஏதாவது கொடுங்க.” சிறு காகித உறையில் மூன்று நான்கு மாத்திரைகள் வந்து சேர்கின்றன. அவற்றுள் ஒன்று பல வேளைகளில் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தாக, மக்கள் வழக்கில் ஆன்டிபயாடிக் எனப்படுவதாக, இருந்துவிடுகிறது.

இரண்டு நாளில் காய்ச்சல் தணிகிறது. சளியும் தொண்டைக் கரகரப்பும் கூடிய காய்ச்சல்களில் மிகப் பல வைரஸால் வருபவை. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து பாக்டீரியாவை அழிக்குமே தவிர வைரஸை ஒன்றும் செய்வதில்லை. தானே தணியவிருந்த காய்ச்சல் தணிந்ததற்கு மாத்திரை பெயர் வாங்கிக்கொள்கிறது. அடுத்த முறை அதே மாத்திரையைப் பெயர் சொல்லிக் கேட்கும் பழக்கமும் தொடங்குகிறது. இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது நேர்மையன்று. கூலியிழப்புக்கு அஞ்சுபவர் எடுக்கும் முடிவில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு செலவு மட்டும் விடுபட்டுப் போகிறது.

அச்செலவு குடலிலும் தோலிலும் தொண்டையிலும் வாழும் எண்ணற்ற பாக்டீரியாக்களிடையே நிகழ்வது. மருந்து உட்செல்லும்போது அதற்கு எளிதில் மடிபவை மடிகின்றன. மரபணு மாற்றத்தால் அதனைத் தாங்க வல்லவை எஞ்சுகின்றன. இடம் காலியான நிலத்தில் களை பரவுவதுபோல் அவை பெருகுகின்றன. அவ்வாற்றலைத் தரும் மரபணுவை ஓர் இனப் பாக்டீரியா மற்றோர் இனத்துக்குக் கைமாற்றவும் கூடும் என்பதே இதில் மிகக் கவலைக்குரிய செய்தி. 1928ஆம் ஆண்டில் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு ஏற்புரையிலேயே இவ்வாபத்தைக் குறிப்பிட்டார். தொண்டைவலிக்குத் தாமாகவே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் உட்கொள்ளும் ஒருவரையும், அவரிடமிருந்து மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றி மாயும் அவர் மனைவியையும் கற்பனையாக அவர் எடுத்துக்காட்டினார். மருந்து பொதுப்பயன்பாட்டுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, அதனைக் கண்டவரே விடுத்த எச்சரிக்கை அது.

அக்கற்பனை உண்மையாகியதைத் தமிழகத்துக்கு உணர்த்தியவர்களுள் சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி குறிப்பிடத்தக்கவர். 2010இல் ‘லான்செட்’ குழும இதழொன்றில் அவரை முதல் ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த ஆய்வு, என்.டி.எம்.-1 என்னும் நொதியை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் சென்னை, அரியானா உள்ளிட்ட பகுதிகளிலும் பிரிட்டனிலும் காணப்படுவதைத் தெரிவித்தது. கடும் தொற்றுகளுக்குக் கடைசியாகக் கையில் எடுக்கும் கார்பாபெனெம் வகை மருந்துகளையே செயலிழக்கச் செய்வது அந்நொதி. அதன் பெயரில் புதுதில்லி இடம்பெற்றது குறித்து நாட்டில் பெரும் வாதம் எழுந்தது. பெயரைப் பற்றிய சினத்தில் பாதியேனும் பொருளைப் பற்றி எழுந்திருக்கலாம். 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகள் நேரடிக் காரணமாக உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என்றும், அவற்றோடு தொடர்புடைய இறப்புகள் 49.5 இலட்சம் என்றும் பின்னர் மதிப்பிடப்பட்டது.

மருந்து எங்கே, எவ்வளவு, எதற்காக எழுதப்படுகிறது என்பதை எண்ணிப் பார்க்காமல் அதனைக் குறைக்க இயலாது. அவ்வாறு எண்ணிய ஆய்வுகளுள் முதன்மையானவை பெரணமல்லூருக்குத் தொலைவில் நடைபெறவில்லை. பழைய வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரான வேலூரிலேயே நடைபெற்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையைச் சேர்ந்த சுஜித் சாண்டியும் அவர்தம் குழுவினரும் 2003 முதல் 2005 வரை நகரிலும் சிற்றூர்களிலும் உள்ள மருத்துவமனைகள், தனி மருத்துவர்கள், மருந்துக்கடைகள் ஆகியவற்றில் மாதந்தோறும் கணக்கெடுத்தனர். 52,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்ததில் ஏறத்தாழ நூற்றுக்கு 41 பேருக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கிடைத்திருந்தது. அவற்றுள்ளும் ஐந்தில் இரண்டு பங்கு மூச்சுப்பாதைத் தொற்றுகளுக்காகத் தரப்பட்டவை. இருமலும் சளியும்தான் இம்மருந்துகளைப் பெரிதும் விழுங்குகின்றன என்பது இதனால் விளங்கும்.

அதே குழுவினரின் மற்றோர் ஆய்வு மருத்துவமனையின் உள்ளே நோக்கியது. எந்தத் தொற்றுக்கு எந்த மருந்தை எவ்வளவு நாள் தருவது என்று வகுக்கும் வழிகாட்டி, மருந்துப் பயன்பாட்டை உண்மையில் மாற்றுகிறதா என்று ஏறத்தாழப் பத்தாண்டுக் காலக் கணக்குகளை வைத்து ஆராய்ந்தனர். வழிகாட்டி இல்லாத காலத்தில் பயன்பாடு மாதந்தோறும் ஏறியது. அச்சிட்ட கைந்நூல் மருத்துவர்களுக்கு வழங்கப்பட்டபின் ஏற்றத்தின் வேகம் தளர்ந்தது. மருத்துவமனையின் கணினி வலையமைப்பில், எழுதும் நேரத்திலேயே பார்க்கும்படி அது வைக்கப்பட்டபின் பயன்பாடு இறங்கத் தொடங்கியது. 2014இல் வெளியான இம்முடிவு எளிமையானது, எனினும் ஆழமானது. அறிவுரையை ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்தினால் பயன் குறைவு; முடிவெடுக்கும் கணத்தில் அது கைக்கெட்ட வேண்டும்.

அக்கணத்தில் மருத்துவரின் மனநிலையும் ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்காவில் மேற்கொள்ளப்பட்ட ஓர் ஆய்வு, பணி தொடங்கிய முதல் மணி நேரத்தைவிட நான்காம் மணி நேரத்தில் மூச்சுப்பாதைத் தொற்றுகளுக்கு இம்மருந்துகள் மிகுதியாக எழுதப்படுவதைக் காட்டியது. தேவையில்லை என்று விளக்குவதைவிட எழுதிக் கொடுத்துவிடுவது களைத்த மனத்துக்கு எளிது போலும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மருத்துவமனைகளில் மற்றொரு முயற்சி நடைபெற்றது. தேவையின்றி இம்மருந்தை எழுதமாட்டோம் என்னும் உறுதிமொழியை மருத்துவரின் படத்துடனும் கையொப்பத்துடனும் அச்சிட்டு, நோயாளிகள் காணுமாறு சுவரில் ஒட்டினர். மற்ற மருத்துவர்களோடு ஒப்பிடுகையில் தேவையற்ற சீட்டுகள் ஏறத்தாழ 20 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தன. ஒரு சுவரொட்டிக்கு ஆன செலவில் இவ்வளவு பயன் விளைந்ததைக் கருதினால், ஊர்தோறும் உள்ள சிறு மருத்துவமனைகளில் இதனைச் செய்து பார்க்கத் தடையேதும் இருப்பதாகத் தெரியவில்லை.

சட்டமும் உண்டு. 2012ஆம் ஆண்டு ஆகத்து மாதம் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி, மருத்துவர் அப்துல் கபூர் ஒருங்கிணைப்பில் ‘சென்னைப் பிரகடனம்’ என்னும் செயல்திட்டத்தை உருவாக்கின. மருந்துச்சீட்டின்றி விற்பதை ஒரே நாளில் முற்றிலும் தடுத்துவிட முடியும் என்று அது கற்பனை செய்யவில்லை. மருத்துவர் இல்லாத ஊர்களில் கடைக்காரரே மருத்துவராக இருக்கும் நிலையை ஒப்புக்கொண்டு, படிப்படியாகச் செல்லுமாறு கூறியது. குறையற்ற கொள்கையைக் காட்டிலும் நடைமுறைக்கு ஏற்ற கொள்கையே வேண்டும் என்ற அதன் நிலைப்பாடு பாராட்டத்தக்கது. நடுவணரசு 2013இல் அறிவித்து 2014 மார்ச் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ‘எச்-1’ அட்டவணை, வீரியமிக்க நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் உள்ளிட்ட 46 மருந்துகளை விற்கும்போது மருத்துவர், நோயாளி, மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்கும்படி பணித்தது. பதிவேடு இருந்தால் மட்டும் போதாது. அதனைப் புரட்டிப் பார்ப்பவரும் வேண்டும். கேரளம் 2018இல் தனக்கெனச் செயல்திட்டம் வகுத்ததோடு, 2024இல் மருந்துக்கடைகளில் திடீர் ஆய்வுகளையும் தொடங்கியது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவர் என நான்காகப் பகுக்கிறது. இன்றைய விழிப்புணர்வுப் பரப்புரை பெரும்பாலும் முதலாமவரை நோக்கியே பேசுகிறது. எஞ்சிய மூன்றிடமும் இருக்கும் பொறுப்பைப் பேசாமல், ‘மாத்திரை கேட்காதீர்’ என்று நெசவாளியிடம் மட்டும் சொல்வது அரைகுறை அறிவுரை. தொற்றுக்குக் காரணமான கிருமி எது, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்பதைக் காட்டும் வளர்ப்புச் சோதனைக்கு ஓரிரு நாள் தேவை. சிறு மருத்துவமனைகளில் அதற்கான ஆய்வுக்கூடம் அரிது. சோதனையின்றி முடிவெடுக்க நேரும் மருத்துவர், நோய் முற்றிவிடுமோ என்னும் அச்சத்தில் எழுதுகிறார். அவ்வச்சம் போலியன்று. நிமோனியா கண்ட குழந்தைக்கு அமாக்சிசிலின் காலந்தாழ்ந்து கிடைத்தால் உயிரே போகலாம். மருந்தைக் காப்பது என்பது அதனைப் பூட்டி வைப்பதன்று. வேண்டியவருக்குத் தவறாது கிடைக்கச் செய்வதும் அதனுள் அடங்கும். உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் இம்மருந்துகளை எளிதில் கிடைக்க வேண்டியவை, கண்காணித்துத் தர வேண்டியவை, இறுதிக்கென ஒதுக்க வேண்டியவை என மூவகையாகப் பிரித்ததன் நோக்கமும் இதுவே. அமாக்சிசிலின் முதல் வகையிலும், காய்ச்சல் என்றதும் பலர் பெயர் சொல்லிக் கேட்கும் அசித்ரோமைசின் இரண்டாம் வகையிலும் இடம்பெறுகின்றன. உலகளவில் பயன்படும் இம்மருந்துகளில் 70 விழுக்காடேனும் முதல் வகையைச் சார்ந்ததாக 2030க்குள் அமைய வேண்டும் என்று 2024இல் ஐக்கிய நாடுகள் அவையில் உலகத் தலைவர்கள் உடன்பட்டனர்.

பெரணமல்லூர் நெசவாளிக்கு இவ்வுடன்பாடு எவ்வாறு சென்று சேரும்? மருத்துவர் அவருக்காகச் செலவிடும் இரண்டு நிமிடத்தில்தான். “இது வைரஸ் காய்ச்சல், உடம்பு சூட்டுக்குப் பாராசிட்டமால் போதும், கஞ்சியும் தண்ணீரும் நிறையக் குடியுங்கள். மூச்சு வாங்கினாலோ, மூன்று நாளில் காய்ச்சல் விடாவிட்டாலோ, தோலில் இரத்தப்புள்ளி கண்டாலோ உடனே வாருங்கள்” என்று சொல்லி அனுப்புவதற்கு ஆகும் நேரம் அவ்வளவே. வாசலில் நாற்பது பேர் காத்திருக்கும் மாலையில் அந்த இரண்டு நிமிடம் கிடைப்பது அரிது. எழுதாமல் விட்ட மருந்துக்கு எவரும் கட்டணம் தருவதும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கூடுதலாக ஒரு மருத்துவரையும், வட்டார மருத்துவமனைக்கு ஓர் ஆய்வுக்கூடத்தையும் தருவது அரசின் பார்வையில் புதிய மருந்தைக் கண்டுபிடிப்பதைவிட மலிவான செலவு. கூலி இழக்கும் மூன்று நாளுக்கு நெசவாளிக்கு ஈடு கிடைத்தால், காகித உறையைக் கேட்டு அவர் கடைப்படி ஏறும் அவசரமும் குறையும்.