முதல் படம் உம்மம்மாவுக்கு

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளன்று அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் பதினான்கு பேர் அரிப்புக்குப் படம் எடுக்கப் போனோம். சிலாவத்துறையில் இருந்து அது கிட்டத்தான். அங்கே கடற்கரையில் நாங்கள் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும் இடிந்த கட்டடம் இருக்கிறது. உண்மையில் அது முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த், முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்குவதற்காகக் கட்டிய மாளிகை. கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருக்கிறது. "அது முழுதாய் விழ முன்னம் ஒரு நல்ல படம் எடுத்து வைக்க வேணும்" என்று சாச்சாவின் மகன் நானா சொன்னார். எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்துக்கொண்டு போய் அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தோம்.

இரவு அந்தப் படங்களை உம்மம்மாவுக்குக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வடிவா இருக்கிறீங்க மகள்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருநூறு வருடக் கோட்டை விழுந்துவிடும் என்று கவலைப்பட்ட நாங்கள், எழுபத்திரண்டு வயது உம்மம்மாவை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டுப் போயிருக்கிறோம். அறுபது படத்தில் ஒன்றில்கூட அவர் இல்லை.

தோழிகளே, இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல என்று நினைக்கிறேன். கலியாண வீடுகளைப் பாருங்கள். மணமக்கள், கூட்டாளிமார், உறவினர் என்று எல்லோரும் நின்று முடிந்த பிறகுதான் "பெரியவங்களயும் கூப்பிடுங்க" என்று ஒரு குரல் கேட்கும். அதற்குள் அவர்கள் களைத்து உறங்கியிருப்பார்கள், அல்லது வீட்டுக்குப் போயிருப்பார்கள். யாரும் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை. "நடக்க ஏலாது, வெயில் ஒத்துவராது, அவங்களுக்கு இதில விருப்பமில்ல" என்று நாமே அவர்களுக்காக முடிவு செய்துவிடுகிறோம். கேட்பதுதான் இல்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளாகிய நாங்கள் இதில் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களில் இருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதில் எங்கள் முசலிப் பிரதேச மக்களும் அடக்கம். உம்மாவுக்கு அப்போது பத்து வயது. காணி உறுதியையும் சில உடுப்புகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவர்களுக்கு, சுவரில் தொங்கிய கலியாணப் படத்தைக் கழற்றத் தோன்றவில்லை. திரும்பி வருவோம் என்றுதான் நினைத்தார்களாம். நாங்கள் திரும்பி வந்தது 2010இல். வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடுதான் இருந்தது.

உம்மாவின் வாப்பா புத்தளத்து அகதி முகாமிலேயே 1997இல் மௌத்தாகிவிட்டார். உம்மாவுக்கு அப்போது இப்போதைய என் வயது. அவருடையதென்று எங்களிடம் இருப்பது ஒரே ஒரு படம். அதுவும் அடையாள அட்டையில் இருந்து பெருப்பித்தது. அதில் அவர் சிரிக்கவில்லை, யார் பக்கத்திலும் நிற்கவில்லை. "வாப்பா இப்படி முறைக்கிற ஆளில்ல" என்று உம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார். சிரித்த முகத்தைக் காட்ட அவரிடம் வேறு படம் இல்லை.

2011 மார்ச் சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் தொண்டர்கள் சேற்றுக்குள் கிடந்த குடும்பப் படங்களைப் பொறுக்கி, கழுவி, உலர்த்தி, உரியவர்கள் தேடி எடுக்கும்படி மண்டபங்களில் அடுக்கி வைத்தார்கள் என்று வாசித்தேன். வீடு வாசல் இழந்தவர்கள் வரிசையில் வந்து அந்தப் படங்களைத் தேடினார்களாம். எங்கள் உம்மாமாருக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் இருந்தால் மட்டும் போதாது, பெயரும் வேண்டும். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. சலாபத்துறைதான் சிலாவத்துறை ஆனது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். 1900களின் தொடக்கத்தில் எங்கள் கரையில் நடந்த முத்துக்குளிப்பைக் காட்டும் பழைய படங்களைப் பார்த்திருக்கிறேன். தோணிகளில் சுழியோடிகள் நிறையப் பேர் நிற்கிறார்கள். கீழே "முத்துக்குளிப்போர்" என்று மட்டும் இருக்கும். வந்து பார்த்த அதிகாரியின் பெயர் தெரிகிறது, மூச்சடக்கி மூழ்கியவனின் பெயர் தெரியவில்லை. நம் போனில் இருக்கும் ஆயிரக்கணக்கான படங்களும் ஐம்பது வருடத்தில் அப்படித்தான் ஆகும். ஆகவே ஒரு படத்தையாவது கழுவி எடுத்து, பின்பக்கம் பெயர், ஊர், திகதி எழுதி வையுங்கள்.

படம் எடுப்பதே கூடாது என்று நினைக்கும் பெரியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இதில் உலமாக்களிடமும் கருத்து வேறுபாடு உண்டு. அப்படிப்பட்டவர்களை வற்புறுத்துவது மரியாதையல்ல. அவர்களுடைய குரலைப் பதிந்து வைக்கலாம், அவர்கள் சொல்வதை எழுதி வைக்கலாம். விரும்பி நிற்பவர்களுடைய படத்தையும் அவர்களைக் கேட்காமல் முகநூலில் போடக்கூடாது. அந்தப் படம் குடும்பத்துக்காக எடுத்தது.

இந்த நோன்புப் பெருநாளுக்கு நாங்கள் எங்கும் போகவில்லை. காலைத் தொழுகை முடிந்து வந்ததும், வெயில் ஏற முன்னம், முற்றத்து வேம்பின் கீழ் கதிரை போட்டோம். உம்மம்மாவிடம் கேட்டேன். "என்ட மூஞ்சிய எடுத்து என்ன செய்யப் போறீங்க?" என்றார். பிறகு உள்ளே போய் முகம் கழுவி, வெள்ளை முக்காடு மாற்றிக்கொண்டு வந்தார். எங்கள் நிறத்துக்கு அவரை உடுத்தச் சொல்லவில்லை. முதல் படமே அவரை நடுவில் வைத்துத்தான் எடுத்தோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சாச்சாவின் சின்ன மகன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைக்கப் போக, அவர் சிரித்துவிட்டார். அந்தப் படம்தான் எல்லோருக்கும் பிடித்தது.

"எனக்கும் ஒண்டு கழுவித் தாங்க" என்று கேட்டார். கொடுத்தேன். காணி உறுதி வைத்திருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் அதையும் வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டில் அடுத்த முறை எல்லோரும் கூடும்போது, யாரும் கமராவை எடுக்க முன்னம் ஒரு கதிரையை எடுத்து வையுங்கள். மூத்தவரிடம் போய், "வாறீங்களா?" என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடலாம். ஆனால் கேளுங்கள்.