டிரோனைக் கீழே இறக்குங்க!

பொட்டிப்புரம் மலையை வைத்துப் பாட்டு வீடியோ எடுக்க ஆசைப்படும் இளவட்டங்களுக்கு ஒரு வார்த்தை. டிரோன் வேண்டாம்!

சினிமா டூயட்டுக்கு மலை என்றால் வெறும் பின்னணி. சினிமாவுக்கு வெளியே வந்த தனிப்பாட்டு வீடியோவில்தான் இடமே சாட்சி சொன்னது. 2015-ல் கொடைக்கானல் பாதரசக் கழிவைப் பற்றி சோபியா அஷ்ரப் பாடினார். மறு வருஷமே இந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரசத்துக்கு வந்தது. (பாட்டால் மட்டுமா? தொழிலாளர்கள் பல வருஷம் போராடியதை மறக்கலாமா!) 2017-ல் டி.எம்.கிருஷ்ணா எண்ணூர்ப் புகைபோக்கிகளுக்கு முன்னால் உட்கார்ந்து புறம்போக்குப் பாட்டுப் பாடினார். ஜிகினா இல்லை.

இப்போது அதுவும் அச்சு வார்ப்பாகிவிட்டது. டிரோன் எழும்பும், செம்மண் பறக்கும், ஒரு பாட்டி மெதுவாகத் திரும்பிப் பார்ப்பார். 2021-ல் 'எஞ்சாயி எஞ்சாமி'யில் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் வந்தாரே, அது வேறு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டவர் அவர். மற்றவர்களுக்கோ எந்தப் பாட்டி சிக்கினாலும் சரி!

பொட்டிப்புரம் அம்பரப்பர் மலைச் சங்கதி என்ன? நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. மலைக்குள்ளே சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம், 50,000 டன் இரும்புக் கருவி என்று திட்டம். அனுமதிக்க முடியாது என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டில் தமிழக அரசு சொல்லிவிட்டது.

வழக்கே மலையின் வயிற்றைப் பற்றியது. டிரோன் காட்டுவதோ முதுகை! ஆடு மேய்ப்பவர் பக்கத்தில் காமிராவை நிறுத்தி, அவரைப் பேச விடுங்கள். பாட்டு அப்புறம் வரட்டும்.