வாயிலை உயர்த்துவது காவலாகாது

செனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில், நிலத்தடியே, ஈய அணுக்கருக்கள் மோதிச் சிதறும் இடத்தைச் சூழ்ந்து நிற்கிறது ஆலிசு என்னும் பெருங்கருவி. அதன் உள்ளகத்தே 2021-இல் பொருத்தப்பெற்ற தடங்காண் கருவி ஏழு அடுக்குகளாலானது. அல்பைடு எனப்பெறும் சிலிக்கான் சில்லுகள் 24,120 கொண்டது. சில்லொன்றுக்கு 5,24,288 படப்புள்ளிகள். ஆக ஏறத்தாழ 1,250 கோடிக் கண்கள். இக்கண்களின் பெருமை பேசப்படும் அளவிற்கு, அவற்றை இசைவிக்கும் பணியின் அருமை பேசப்படுவதில்லை. இரைச்சல் அடங்கினால் கருவி செம்மையாயிற்று எனக் கருதுவாரும் உளர். இரைச்சலின்மை வேறு, செம்மை வேறு.

மின்னேற்றமுடைய துகளொன்று சில்லினூடே பாயும்போது விட்டுச்செல்வது ஆயிரத்தைந்நூறு அளவிலான மின்னணுக்களையே. அவையும் ஒரே புள்ளியில் நில்லாமல் அண்டைப் புள்ளிகளுக்குப் பங்காகும். மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால், புள்ளியின் நீளம் 29 கூறு. அகலம் 27 கூறு. அதற்குள்ளேயே பெருக்கியும் தேர்வியும் அமைந்துள்ளன. வந்த மின்னணுக்கள் குறித்த அளவைக் கடந்தால் 'பட்டது' என்று புள்ளி அறிவிக்கும். கடவாவிடில் வாய்மூடி நிற்கும். அவ்வளவே வாயிலளவு. ஆங்கிலத்தார் திரெசோல்டு என்பதும் வீட்டு நிலைப்படியையே. தமிழில் இதற்கு வலிந்து ஒரு சொல் படைக்க வேண்டுவதில்லை.

இதனை முடுக்கச் சில்லுக்கு இரண்டு திருகுகள் உள எனலாம். ஒன்று மின்னழுத்தம், கூட்டினால் வாயில் தாழும். மற்றொன்று மிகச்சிறு மின்னோட்டம்; கூட்டினால் வாயில் உயரும். முன்னதால் பருமட்டாகவும் பின்னதால் நுட்பமாகவும் முடுக்கி, சில்லுக்குச் சில்லு வேறுபட்டுக் கிடந்த அளவுகளை 100 மின்னணு என்னும் ஒரு நிலைக்குக் கொணர்ந்தனர். பாணன் யாழ் நரம்பைப் பண்ணுக்கு இசையக் கூட்டுவது போன்ற வேலை. ஆயின் இங்கே நரம்புகள் 24,120! கூட்டியது செவ்விதா என அறிய, அளந்த மின்னூட்டத்தைப் புள்ளிக்குள் பலமுறை செலுத்துவர். பாதி முறை விடையளிக்கும் அளவே அப்புள்ளியின் உண்மை வாயில்.

வாயிலை 200-க்கு உயர்த்தினால் இரைச்சல் குறையும்; பதிவு தூயதாகத் தோன்றும். ஆனால் துகள் புள்ளிகளின் எல்லையில் பாய்ந்து மின்னணுக்கள் பிரியும்போது, சிறு பங்கு பெற்ற புள்ளி ஊமையாகும். பாய்ந்த இடத்தைக் கணிக்கும் நுண்மை குன்றும். சிலபோது துகளே பதிவாகாது போம். பொய்ப்பதிவைப் பின்னர்க் களையலாம். அடுக்குகளினூடே ஒரு தடத்தில் அமையாத புள்ளி தனித்து நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். பதிவாகாத துகளை எக்கணிப்பொறியும் மீட்டுத் தாராது. திருத்தக்கூடிய பிழையையும் திருத்தவொண்ணா இழப்பையும் ஒரே தட்டில் நிறுப்பது முறையன்று. சார்ம் என்னும் வகைக் குவார்க்கு கொண்ட துகள்கள் பிறந்த இடத்திற்கு மிக அண்மையிலேயே சிதைவன. அச்சிற்றிடைவெளியைக் காணவே முதலடுக்கு மோதுமிடத்திலிருந்து 22 மில்லிமீட்டர் அளவில் வைக்கப்பட்டது. அங்கே தவறும் பதிவு எளிய இழப்பா?

மட்டுமீறித் தாழ்த்துவதும் அறிவன்று. பொய்ப்பதிவுகள் வெள்ளமாய்ப் பெருகிச் செய்தி செல்லும் வழிகளை அடைத்துவிடும். ஆதலின் ஒரு நிகழ்வில் ஒரு புள்ளி பொய்யுரைக்கும் வாய்ப்பு பத்து நூறாயிரத்தில் ஒன்றுக்கும் குறைதல் வேண்டும் என வரையறுத்தனர். அதை எய்த வாயிலை உயர்த்த வேண்டுவதில்லை. பொய்யுரைப்பவை பெரும்பாலும் ஒரு சில புள்ளிகளே. அவற்றின் வாயை மட்டும் அடைத்தால் இரைச்சல் பன்மடங்கு வீழ்கிறது. நால்வர் கூச்சலுக்காக ஊர் முழுவதையும் செவிடாக்குவார் உண்டோ?

அட்லாசு கருவியின் படப்புள்ளிச் சில்லுகளில் புள்ளிதோறும் தனித்திருகு உண்டு. அல்பைடில் அஃதில்லை, புள்ளி சிறிது, மின்செலவும் சுருங்க வேண்டும். ஆதலின் புள்ளிகளுக்கிடையே சிறு ஏற்றத்தாழ்வு எஞ்சும். அதைப் பொறுத்துக்கொண்டு கண்ணைச் சிறிதாக்கியது நல்ல தேர்வே.

இசைவித்தல் ஒருநாள் வேலையுமன்று. கதிர்வீச்சு படப்பட வாயில் நிலைபெயரும். 100-இல் நிறுத்திய சில்லு தானே விலகிச் செல்லும். அதனால் மோதல் ஓய்ந்த இடைவேளைகளில் மீண்டும் அளந்து, மீண்டும் முடுக்குகின்றனர்.