கைகளைக் கழுவுவோம்

நோயுற்றோரைச் சந்திப்பது திருச்சபை கற்பிக்கும் இரக்கச் செயல்களுள் ஒன்று. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பழப்பையுடன் மதுரை மருத்துவமனைகளுக்குக் குடும்பம் குடும்பமாகச் செல்கிறோம். பழத்தோடு கிருமியையும் கொண்டுசெல்கிறோமா?

2022, 2023-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் 18 மாநிலங்களில் 81 பேரிடம், பல மருந்துகளுக்கும் மடியாத ஒரே வகைக் கிருமி காணப்பட்டது. நால்வர் மாண்டனர், 14 பேர் பார்வையிழந்தனர். ஒருவரையொருவர் அறியாத இவர்களை இணைத்தது எது? ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டி ஒரு குடும்பத்தின் வழிமுறையை நாம் அறிவதுபோல, அறிஞர்கள் கிருமிகளின் மரபணுத் தொகுதியை எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிட்டனர். அனைத்தும் ஒரே குடும்பம்! நோயாளர் திறந்து பயன்படுத்திய கண் சொட்டுமருந்துப் புட்டிகளிலும் அதுவே இருந்தது. அம்மருந்து தயாரானது நம் சென்னைக்கு அருகில். 2023 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது.

ஆய்வு வழியைக் காட்டும். வழியை அடைப்பது நம் கடமை. சொட்டுமருந்துப் புட்டியின் நுனி கண்ணிலோ விரலிலோ படலாகாது. ஒருவர் புட்டியை மற்றவர் பயன்படுத்தலாகாது. நோயாளரைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும்.

திருப்பலியில் குருக்களாகிய நாம் கை கழுவுவது உள்ளத் தூய்மையின் அடையாளம். நோயிற்பூசுதலுக்குச் செல்கையில் கட்டிலருகே கை கழுவுவதோ பிறரன்பின் கடமை. அதை நாமும் மறவோம், நீங்களும் மறவாதீர்கள்.